முன்பணம் போட்டு நாள் எண்ணும் வியாபாரம்

பங்கு என்ற சொல் நம் தோட்டத்து மக்களுக்குப் புதியதன்று. தோட்டத் துண்டாடல் தலைவிரித்தாடிய காலத்தில், 1960ஆம் ஆண்டில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோட்டந் தோட்டமாகச் சென்று, "விற்கிற தோட்டத்தை நாமே வாங்குவோம்" என்ற எண்ணத்தை விதைத்துப் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டினார். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் அந்தப் பணத்தில்தான் நம்மவர் கைக்கு வந்தது. அந்தப் பங்குக்குப் பின்னால் நிலம் இருந்தது. நிலத்தில் மரம் இருந்தது. மரத்தில் பால் இருந்தது. பிறகு 1982ல் மைக்கா பங்கு வந்தது. நகையை அடகு வைத்து வாங்கியவர்களும் உண்டு. அது எப்படி முடிந்தது என்பதை நம் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். இங்கே கிளற வேண்டாம்.

இன்று நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு பேசுகிற 'ஆப்ஷன்', 'வாரண்ட்' என்பவையோ பங்கே அல்ல. பங்கைப் பற்றிய பந்தயம் என்று சொன்னால் பொருந்தும். பெற்றோருக்கு இந்த வேறுபாடு தெரியாததால், "பையன் ஷேர் வாங்கியிருக்கிறான்" என்று பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். பங்கு வாங்கியவன் ஒரு கம்பெனியின் சிறு துண்டுக்குச் சொந்தக்காரன். விலை இறங்கினால் காத்திருக்கலாம். இலாபம் வந்தால் ஈவுத்தொகை வரும். ஆப்ஷன் வாங்கியவனுக்கு அதெல்லாம் கிடையாது. அவன் கையில் இருப்பது ஒரு தேதி போட்ட சீட்டு.

அந்தச் சீட்டு என்ன சொல்கிறது?

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பட்டணத்து ஓரத்தில் ஒருவருக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. இன்றைய விலை 60,000 வெள்ளி. அந்தப் பக்கமாகப் புதிய சாலை வரப்போகிறது என்று உங்கள் காதில் விழுகிறது. முழுப்பணம் உங்களிடம் இல்லை. நிலக்காரரிடம் போய், "அண்ணே, 2,000 வெள்ளி தருகிறேன். மூன்று மாதத்துக்குள் நான் எப்போது கேட்டாலும் இந்த நிலத்தை 60,000க்கே எனக்குக் கொடுக்க வேண்டும். நான் கேட்காவிட்டால் இந்த 2,000 உங்களுக்கே" என்று எழுதி வாங்கிக்கொள்கிறீர்கள். சாலை வந்து நிலம் 75,000 ஆனால், உங்கள் 2,000 போக 13,000 இலாபம். சாலை வராவிட்டால் 2,000 போயிற்று. இதுதான் 'கால்' ஆப்ஷன், வாங்கும் உரிமை. அந்த 2,000 வெள்ளிக்குப் 'பிரீமியம்' என்று பெயர். நாம் கொடுக்கும் முன்பணம் பேரம் முடிந்தால் கழிவாகும். இது கழிவதுமில்லை, திரும்புவதுமில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. சொந்தமாக நாலு ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் ஒருவர், குலை விலை இறங்கிவிடுமோ என்று அஞ்சுகிறார். டன் ஒன்றுக்கு 20 வெள்ளி முன்னதாகக் கட்டி, இரண்டு மாதம் கழித்து டன் 800 வெள்ளிக்கு விற்கும் உரிமையை வாங்கிக்கொள்கிறார். விலை 650க்கு இறங்கினாலும் அவருக்கு 800 கிடைக்கும். விலை ஏறினால் சந்தை விலைக்கே விற்றுவிட்டு அந்த 20 வெள்ளியை மறந்துவிடுவார். இது 'புட்', விற்கும் உரிமை. இப்படிப் பார்த்தால் இது ஒரு காப்புறுதி. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோலாலம்பூரில் 1980ஆம் ஆண்டு முதல் செம்பனை எண்ணெய்க்கு முன்பேர வணிகம் நடந்து வருகிறது. தோட்ட நிறுவனங்களும் எண்ணெய் ஆலைகளும் விலையாட்டத்திலிருந்து தங்களைக் காத்துக்கொள்ள அதைப் பயன்படுத்துகின்றன.

இந்த யோசனை மிகவும் பழையது. கிரேக்க நாட்டில் தேலீஸ் என்ற அறிஞர் இருந்தார். "இவ்வளவு படித்தும் ஏழையாகத்தானே இருக்கிறாய்" என்று ஊரார் கேலி செய்தார்களாம். வானநூல் தெரிந்த அவர், வரும் பருவத்தில் ஆலிவ் காய் அமோகமாக விளையும் என்று குளிர்காலத்திலேயே கணித்து, ஊரிலிருந்த எண்ணெய்ச் செக்குகளுக்கெல்லாம் சிறு முன்பணம் கட்டி வைத்தார். அறுவடை வந்தது, செக்குக்கு அடிபிடி! அவர் வைத்ததே வாடகை. அரிஸ்டாட்டில் எழுதி வைத்த கதை இது. தேலீஸ் செய்ததற்கும் இன்றைய வாலிபர் செய்வதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவர் தமக்குத் தெரிந்த ஒன்றின்மேல், எதிராளி யாருமே கேட்காத நேரத்தில், குறைந்த விலையில் உரிமை வாங்கி, பல மாதம் காத்திருந்தார். இவர்கள் நேற்று வாங்கி இன்று விற்கிறார்கள். சிலர் காலையில் வாங்கி மதியம் விற்கிறார்கள்.

1973ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் அமெரிக்காவின் சிக்காகோ நகரில், வெறும் 16 கம்பெனிகளின் பங்குகளுக்கு ஆப்ஷன் வாங்கி விற்கத் தனிச் சந்தை ஒன்று திறந்தார்கள். அதுவரை இருவர் தனியாகப் பேசி முடித்துக்கொண்ட உரிமைச் சீட்டு, அன்று முதல் கடைச் சரக்காகிவிட்டது. நிலமும் வேண்டாம், செக்கும் வேண்டாம். சீட்டையே கைமாற்றி இலாபம் பார்க்கலாம் என்றாயிற்று.

நாள் தேயத் தேய...

மரத்தில் வெட்டிய பால் வாளியிலே காத்திருக்காது என்பது நம்மவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெயில் ஏறுவதற்குள் நிலுவைக்குப் போய்ச் சேரவேண்டும். ஆப்ஷனும் அப்படியே. வாங்கிய நிமிடத்திலிருந்து அதன் மதிப்பு தேய்கிறது. பங்கின் விலை ஏறாமலும் இறங்காமலும் அப்படியே நின்றாலும் ஆப்ஷன்காரனுக்கு நட்டம். ஏனென்றால் மீதி நாள் குறைந்துகொண்டே போகிறது. கடைசி வாரத்தில் இந்தத் தேய்மானம் இன்னும் விரைவு. உறைந்த பாலையாவது கட்டிப்பால் என்று குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். தேதி முடிந்த ஆப்ஷனுக்கு அந்த விலைகூட இல்லை.

ஆகவே, இதை வாங்குகிறவன் மூன்று காரியங்களைச் சரியாகக் கணிக்க வேண்டும். விலை எந்தப் பக்கம் போகும்? எவ்வளவு தூரம் போகும்? எந்தத் தேதிக்குள் போகும்? மூன்றில் ஒன்று தவறினாலும் பணம் போய்விடும். "நான் சொன்ன மாதிரியே விலை ஏறியது, ஆனால் ஒரு வாரம் கழித்து ஏறியது" என்று தலையில் கை வைப்பவர்கள் ஏராளம்.

நம் நாட்டில் இளைஞர்கள் அதிகமாகத் தொடுவது 'வாரண்ட்' என்பதைத்தான். புர்சா மலேசியாவில் முதலீட்டு வங்கிகளும் தரகு நிறுவனங்களும் வெளியிடும் இந்தச் சீட்டும் ஆப்ஷன் குடும்பத்தைச் சேர்ந்ததே. 5 காசு, 8 காசு என்று விலை இருக்கும். "அஞ்சு காசுதானே அம்மா, என்ன பெரிசா போயிடப் போகுது?" என்பான் மகன். இங்கேதான் தாய்மார்கள் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

ஒரு வெள்ளிக்குக் குறைந்த எதற்கும் அந்தச் சந்தையில் விலை அரைக் காசு அரைக் காசாகத்தான் நகரும். 5 காசு வாரண்ட் அரைக் காசு இறங்கினால், நூற்றுக்குப் பத்து போயிற்று. 2 காசு வாரண்ட் அரைக் காசு இறங்கினால் நாலில் ஒரு பங்கு போயிற்று! அதோடு, வாங்கும் விலையும் விற்கும் விலையும் ஒன்றல்ல. வாங்கப் போனால் ஐந்தரைக் காசு. அதையே அடுத்த நிமிடம் விற்கப் போனால் 5 காசு. 20,000 வாரண்ட் வாங்கினால் 1,100 வெள்ளி கொடுக்கிறான். மனம் மாறி உடனே விற்றால் 1,000 வெள்ளிதான் கைக்கு வரும். சந்தை ஒரு அணுவும் அசையவில்லை, 100 வெள்ளி காணோம். தரகு ஒரு தடவைக்கு 8 வெள்ளி என்று வைத்தால் போக வர இன்னும் 16 வெள்ளி. நாளைக்கு இரண்டு தடவை இப்படிச் செய்கிறவன் யாருக்காக உழைக்கிறான் என்று கேளுங்கள். விலை பேசி எதிரே நிற்பதும் பெரும்பாலும் அந்தச் சீட்டை வெளியிட்ட நிறுவனமோ அதன் ஆளோதான். இது ஒளிவு மறைவான செய்தியல்ல, சந்தை விதியிலேயே உண்டு, படிப்பவர்தான் குறைவு.

வேறு சிலர் அமெரிக்கச் சந்தைக்கே போய்விடுகிறார்கள். அங்கே 'எஸ் அண்டு பி 500' என்ற குறியீட்டு எண்ணுக்கு 2022 முதல் வேலை நாள் ஒவ்வொன்றிலும் முடிகிற ஆப்ஷன் உண்டு. அன்று பிறந்து அன்றே சாகும் சீட்டு! நியூயார்க் சந்தை திறக்கும்போது நமக்கு இரவு ஒன்பதரை அல்லது பத்தரை. மூடும்போது விடியற்காலை நாலு அல்லது ஐந்து. விடிய விடியக் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, காலைப் பிரட்டுக்கோ தொழிற்சாலை ஷிப்டுக்கோ எப்படி நிற்பான்? சில வீடுகளில் பணம் போனதைவிட முதலில் தெரிய வருவது இந்தத் தூக்கக் கலக்கம்தான்.

நூற்றுக்கு எத்தனை பேர்?

"இது நம்பர் எடுக்கிற மாதிரி இல்லம்மா, இதுக்குப் படிப்பு இருக்கு, சார்ட் இருக்கு" என்று பிள்ளை சொன்னால், இந்தியாவில் நடந்ததை அவனுக்குக் காட்டலாம். அங்கே ஒவ்வொரு வாரமும் முடிகிற ஆப்ஷன்களில் இளைஞர்கள் கூட்டங் கூட்டமாக இறங்கினார்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் 'செபி' வாரியம், ஆப்ஷனிலும் முன்பேரத்திலும் ஈடுபட்ட ஒரு கோடிக்கு மேற்பட்ட தனியாட்களின் கணக்கை எடுத்து ஆராய்ந்து, 2024 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நூற்றுக்கு 93 பேர் பணத்தை இழந்திருந்தார்கள். தலைக்குச் சராசரி இழப்பு ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய். மொத்த இழப்பு 1,80,000 கோடி ரூபாய்க்கு மேல். செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் சம்பாதித்தவர் நூற்றுக்கு ஒருவர்!

அந்தப் பணம் காற்றில் கரையவில்லை. 2023-24ஆம் ஆண்டில் மட்டும், செலவு கழிப்பதற்கு முன், சொந்தப் பணத்தில் வணிகம் செய்யும் நிறுவனங்கள் 33,000 கோடியும் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் 28,000 கோடியும் இலாபம் பார்த்தார்கள். அதில் பெரும்பகுதி கணினி தானாகவே வாங்கி விற்கும் முறையில் வந்தது. கூட்டுக் கட்டுகிற தாய்மார்களுக்கு இது விளங்கும். கூட்டில் பத்துப் பேர் போட்ட பணத்தைத்தான் பத்துப் பேரும் எடுக்க முடியும்; கூடுதலாக ஒரு காசு முளைக்காது. ஆப்ஷன் மேசையிலும் ஒருவன் எடுப்பது இன்னொருவன் போட்டது. தரகும் கட்டணமும் நடுவிலே போய்விடும். இந்த மேசையில் எதிரே உட்கார்ந்திருப்பது, கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரம் கணக்குப் போடும் இயந்திரம்.

என்னை அதிகம் உறுத்தியது வேறொரு செய்தி. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நட்டப்பட்டவர்களில் நாலில் மூன்று பேர் மூன்றாம் ஆண்டும் விடாமல் ஆடியிருக்கிறார்கள். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற ஆவேசம்! 2024 நவம்பர் முதல் செபி பல கட்டுப்பாடுகளைக் கொண்டு வந்தது. வாரச் சீட்டுகளைக் குறைத்தது. ஒப்பந்தத்தின் அளவைப் பெரிதாக்கியது. அப்படியும் 2024-25ஆம் நிதியாண்டில் நூற்றுக்கு 91 பேர் இழந்தார்கள் என்று அதே வாரியம் 2025ல் தெரிவித்தது. நாலு நம்பர் எடுப்பவருக்காவது தாம் எடுப்பது நம்பர் என்று தெரியும். இவர்கள் அதைத் தொழில் என்று நம்புகிறார்கள்.

கொத்தனார் மகன் கவிழ்த்த வங்கி

வாங்குகிறவனுக்குப் போட்ட பணம்தான் போகும். ஆப்ஷனை விற்கிறவன் கதை இன்னும் மோசம். பிரீமியம் கைக்கு வருவதால் "நோகாமல் வருகிற வருமானம்" என்று இதைச் சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். நிலக் கதையை மறுபடி நினைத்துப் பாருங்கள். நிலமே இல்லாத ஒருவன் 2,000 வெள்ளி வாங்கிக்கொண்டு, "60,000க்கு நிலம் தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் என்னவாகும்? நிலம் ஒரு லட்சமாகிவிட்டால் மீதி 40,000 வெள்ளியை அவன்தான் தேட வேண்டும்.

சிங்கப்பூரிலேயே இது நடந்தது. நிக் லீசன் என்ற ஆங்கிலேய வாலிபர், சுவர் பூசும் கொத்தனாரின் மகன், லண்டனின் பேரிங்ஸ் வங்கிக்காகச் சிங்கப்பூர் முன்பேரச் சந்தையில் வணிகம் செய்தார். அது 1762ல் தொடங்கிய வங்கி. நட்டங்களை 88888 என்ற எண்ணுள்ள கணக்கில் ஒளித்து வைத்தார். பணத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, ஜப்பானின் நிக்கேய் குறியீட்டு எண்மேல் 'கால்', 'புட்' இரண்டையும் விற்றுப் பிரீமியம் வாங்கினார். குறியீடு அதிகம் அசையாமல் இருந்தால் அவருக்கு இலாபம். 1995 ஜனவரி 17ஆம் நாள் விடியற்காலையில் கோபே நகரில் நிலம் நடுங்கியது. அடுத்த வாரமே ஒரே நாளில் நிக்கேய் ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. லீசன் நிறுத்தவில்லை, விட்டதைப் பிடிக்க இன்னும் இன்னும் வாங்கினார். கடைசியில் நட்டம் 82 கோடியே 70 லட்சம் பவுன். கோலாலம்பூருக்கும் அங்கிருந்து கோத்தா கினபாலுவுக்கும் ஓடி, ஜெர்மனியின் பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் பிடிபட்டார். சிங்கப்பூர் நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரில் ஆறரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 233 ஆண்டு வங்கியை ஒரு டச்சு நிறுவனம் ஒரே ஒரு பவுனுக்கு வாங்கிக்கொண்டது! பெரிய வங்கி, கோடிக்கணக்கில் மூலதனம், அதற்கே அந்தக் கதி.

நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு 1993 ஞாபகமிருக்கும். 'காண்ட்ரா' என்று சொல்லி, கையில் பணமில்லாமலே பங்கு வாங்கி, பணம் கட்டும் நாளுக்குள் விற்று, வித்தியாசத்தை மட்டும் வாங்கிக்கொண்ட காலம் அது. தரகுக் கடைகளில் திரைக்கு முன்னால் நிற்க இடமில்லை. கோலாலம்பூர் குறியீடு 1994 ஜனவரி 5ஆம் நாள் 1,314 புள்ளிகளைத் தொட்டது. 1998 செப்டம்பர் 1ஆம் நாள் அது 262. இன்றைய வாரண்ட் மோகம் அந்தக் காண்ட்ராவின் தங்கை என்றே எனக்குத் தோன்றுகிறது. முகம்தான் வேறு.

வீட்டில் எதைப் பார்ப்பது?

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. அதில் வீட்டுச் செலவு போக 100 வெள்ளி மிச்சம் பிடிப்பதே பெரும்பாடு. அப்படியிருக்க, இந்த விளையாட்டுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பல வீடுகளில் பதில் சேமநிதி. 2024 மே 11ஆம் நாள் முதல் ஊழியர் சேமநிதியில் மூன்றாவது கணக்கு ஒன்று திறந்தார்கள். அதிலுள்ள பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அவசர ஆபத்துக்கு உதவட்டும் என்று வந்த கணக்கு, கைத்தொலைபேசியில் நாலு தட்டுத் தட்டினால் வாரண்ட் ஆகிவிடுகிறது. 2024ஆம் ஆண்டுக்குச் சேமநிதி கொடுத்த ஈவு நூற்றுக்கு 6 வெள்ளி 30 காசு. அந்த ஈவில் ஒரு பகுதி, சேமநிதி நம் பெயரில் வாங்கி வைத்திருக்கும் பங்குகளிலிருந்து வருவதுதான். பையன் பங்குச் சந்தைக்குப் போகத்தான் வேண்டும் என்றால், அவன் ஏற்கெனவே அங்கே இருக்கிறான்!

பிள்ளையிடம் சண்டை பிடிப்பதில் பயனில்லை. சத்தம் போட்டால் அடுத்த தடவை ஒளித்துச் செய்வான். "தம்பி, இந்த வருசம் தரகுக் கணக்கிலே மொத்தம் எவ்வளவு போட்ட, எவ்வளவு எடுத்த? அந்த ரெண்டு நம்பரை மட்டும் காட்டு" என்று கேளுங்கள். ஒரு நாள் வந்த 400 வெள்ளி இலாபத்தைப் படம் பிடித்துக் காட்டுவான், அது வேண்டாம். ஆண்டு முழுவதற்குமான அறிக்கையைத் தரகு நிறுவனத்தின் செயலியிலேயே எடுக்கலாம். போட்டதைவிட எடுத்தது குறைவு என்றால் மேற்கொண்டு பேச அந்தத் தாளே போதும். கடன் வாங்கிப் போட்டிருக்கிறானா, ஆப்ஷனை விற்றிருக்கிறானா என்ற இரண்டையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். இரண்டாவதற்கு "ஆமாம்" என்று பதில் வந்தால், கையில் சரக்கில்லாமல் விற்றதை முதலில் முடித்துவிடச் சொல்லுங்கள். காத்திருப்பது அங்கே ஆபத்து.

இன்னொன்று. வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் "குரு" என்று ஒருவர், எதை வாங்க வேண்டும் என்று தினமும் சொல்வார். சில குழுக்களில் பணத்தை அவர்கள் சொல்லும் தனியாள் கணக்கிலேயே போடச் சொல்வார்கள். உரிமம் பெற்ற தரகு நிறுவனம் எதுவும் அப்படிக் கேட்காது. பெயரைச் சொல்லிப் பத்திர ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலில் தேடிப் பாருங்கள், இணையத்திலேயே இருக்கிறது. ஏமாற்றுக்காரன் கணக்குக்குப் பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். உடனே வங்கியைக் கூப்பிடுங்கள். தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் 997. பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் தடுக்க வழியுண்டு.